ஹம்ப்டா பாஸுக்கு நாங்களே சமைச்சுக்கிட்டு போறோம், எந்த ஸ்டவ் எந்த கெட்டில் எடுக்கறது?

கொங்குநடை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க நாலு பேரு, கோயமுத்தூர். வர்ற செப்டம்பர்ல மணாலில ஆரம்பிச்சு ஹம்ப்டா பாஸ் ஏறி அந்தப்பக்கம் சத்ருங்கற எடத்துல இறங்கறதா இருக்கோம். லோக்கல் கைடு ஒருத்தர மட்டும் பேசி வெச்சிருக்கோம், டென்ட், சாப்பாடு எல்லாம் எங்களோடது. இதுக்கு முன்னாடி போனதெல்லாம் ஏஜென்சி கூடத்தான், சமையலுக்கு ஆள் இருப்பாங்க, கோவேறு கழுதை மேல பெரிய சிலிண்டரே வரும், அதனால ஸ்டவ்வ பத்தி யோசிக்க வேண்டிய அவசியமே வரலீங்க. இப்பதான் தேட ஆரம்பிச்சு தலை சுத்துது.

நான் பாத்து வெச்சிருக்கறது: கேன் தலையில திருகற 25 கிராம் மினி பர்னர். பொட்டி மாதிரி இருக்கற ஸ்டவ், அதுல நீட்ட பியூட்டேன் கேன் படுக்கப்போடறது. பாத்திரமும் பர்னரும் ஒண்ணா சேந்து வர்ற டவர் மாதிரி ஒண்ணு, அடியில ரேடியேட்டர் கணக்கா தகடு வெச்சிருக்கான். அப்புறம் சுள்ளி போட்டு எரிக்கற புகைபோக்கி கெட்டில், வீடியோல பாத்தா ஆசையா இருக்கு, கேஸே வேண்டாங்கறான். அதுபோக அப்பாவோட பழைய பித்தளை பம்ப் ஸ்டவ் பரண்ல இருக்கு, அதயும் எடுத்துட்டு போலாமான்னு ஒரு பிரெண்டு கேக்கறான்.

டெல்லி வரைக்கும் ஃப்ளைட், அப்புறம் பஸ். காலைல டீ, ராத்திரி சூடா ஏதாவது சாப்பாடு, குடிக்க கொதிக்க வெச்ச தண்ணி, இவ்வளவுதாங்க தேவை. கெட்டில் தனியா வேணுமா, பாத்திரமே போதுமா? அனுபவம் இருக்கறவங்க விவரமா சொல்லுங்க.

கலோரிக்கணக்கு:
நல்ல கேள்வி நண்பா, ஆனா தலைகீழா ஆரம்பிச்சிருக்கீங்க. ஸ்டவ்வ அப்புறம் பாக்கலாம், மொதல்ல எரிபொருள். போற எடத்துல எது கிடைக்கும், அத எப்படி கொண்டு போவீங்க, அந்த குளிர்ல அது எரியுமா. இந்த மூணுக்கும் பதில் வந்துட்டா பாதி ஸ்டவ் தானா லிஸ்ட்லருந்து போயிடும்.

ஃப்ளைட்ல கேஸ் கேன் செக்-இன்லயும் கூடாது, கைப்பையிலயும் கூடாது. லைட்டர், தீப்பெட்டியும் எடுத்து வச்சுக்குவாங்க. பர்னர் மட்டும் கேஸ் வாசனை இல்லாம இருந்தா செக்-இன்ல போகும். அதனால கேன் மணாலிலதான் வாங்கணும், திருகு கேன் அங்க ட்ரெக்கிங் சாமான் கடையில கிடைக்கும், போறதுக்கு முன்னாடி போன் பண்ணி எடுத்து வைக்க சொல்லிடுங்க. ட்ரெயின்ல போனா கொண்டு போலாமேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. 2023 ஆகஸ்ட் 26 காலையில மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தி வச்சிருந்த டூரிஸ்ட் கோச்ல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், திருட்டுத்தனமா கொண்டு வந்த சிலிண்டர்ல டீ போடப்போயி 9 பேர் போயிட்டாங்க.

இப்ப கேன்ல என்ன இருக்குன்னு பாருங்க. பொட்டி ஸ்டவ்வுக்கு வர்ற நீட்ட கேன்ல பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான், அது 0 டிகிரிக்கு கொஞ்சம் கீழ போனாலே ஆவியாகறத நிறுத்திடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 கிட்ட வரைக்கும் தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும். ட்ரெக்கிங் திருகு கேன்ல இதுங்கள கலந்து அடைச்சிருப்பான். உயரத்துல காத்தழுத்தம் கம்மியாறதால ஆவியாகறதுக்கு கொஞ்சம் சாதகம்தான், அங்க எதிரி குளிரு மட்டுந்தான். அதுலயும் எரிய எரிய கேன் தன்னத்தானே குளிர வச்சுக்கும், புரொப்பேன் மொதல்ல தீந்து பியூட்டேன் கடைசில தங்கும், அதனாலதான் கடைசி கால் கேன் விடியக்காலைல சிணுங்கிக்கிட்டே எரியும். ராத்திரி கேன தூங்கற பைக்குள்ள வச்சுக்கிட்டு படுங்க. காலைல ஒரு தட்டுல விரல் உயரம் வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி அதுல கேன நிறுத்துனா போதும். நெருப்புல காட்டறதோ கொதிக்கற தண்ணில வைக்கறதோ கூடவே கூடாது.

எத்தனை கேன்? ஓடைத்தண்ணி 5 டிகிரின்னு வச்சுக்கங்க, 4000 மீட்டர் கிட்ட தண்ணி 87 டிகிரிலயே கொதிச்சிடும், அப்ப ஒரு லிட்டருக்கு ஏத்த வேண்டியது 82 டிகிரி. கேஸ்ல இருக்கற சூடு மொத்தமும் தண்ணிக்கு போனா ஏழரை கிராம்லயே முடிஞ்சிரும். ஆனா பாதி காத்துலதான் போகும், அதனால லிட்டருக்கு 15 கிராம் வைங்க. தடுப்பு இல்லாம காத்துல எரிச்சா 25, 30 கூட போகும். நாலு பேருக்கு டீ, சாப்பாடு, குடிதண்ணி எல்லாம் சேத்து நாளைக்கு 8 லிட்டர், 120 கிராம். நாலு நாளுக்கு 480. 230 கிராம் கேன் ரெண்டுல 460தான் வருது, அதனால மூணு எடுங்க.

இன்னொண்ணு, மலை ஊர்கள்ல காலி கேன்ல லோக்கலா கேஸ் அடைச்சு விக்கறதும் உண்டு. வால்வு மூடி உடைஞ்சிருக்கா, திருகு தேஞ்சிருக்கா, அடிப்பக்கம் துரு இருக்கா, பாத்து வாங்குங்க. சந்தேகமா இருந்தா விட்டுடுங்க.

பழைய பட்டாளம்:
தம்பி, நான் ஆர்மில இருந்தவன், வேலூர் பக்கம். லடாக்ல பல வருஷம் இருந்திருக்கேன். கேஸ பத்தி மேல சொன்னவர் சொன்னது சரி, ஆனா பம்ப் ஸ்டவ்வ யாரும் கேவலமா பேசிடாதீங்க. மண்ணெண்ணெய் குளிருக்கு அசைஞ்சு குடுக்காது, நீங்க பம்ப் அடிச்சு அழுத்தம் குடுக்கறீங்க, அது பாட்டுக்கு எரியும். 1892ல ஸ்வீடன்ல லிண்ட்க்விஸ்ட்ங்கறவர் செஞ்ச ப்ரைமஸ் ஸ்டவ்தான் நம்ம வீட்டு பித்தளை ஸ்டவ்வுக்கெல்லாம் மூலம். 1953ல டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் கடைசி கேம்ப்ல பனிய உருக்கி குடிச்சது அந்த ப்ரைமஸ்லதான், உச்சிக்கு கிளம்பற அன்னிக்கு காலைல ஹிலாரியோட பூட்ஸ் கட்டையா உறைஞ்சு போயி அத ஸ்டவ் மேல காட்டித்தான் இளக்கி போட்டாரு.

ஆனா உங்க வீட்டு ஸ்டவ்வ கொண்டு போகாதீங்க, அதுக்கு காரணம் வேற. மண்ணெண்ணெய் வாசனை வந்த ஸ்டவ்வ ஏர்போர்ட்ல விடமாட்டான், எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. மண்ணெண்ணெயும் இப்ப ஊருக்கு ஊர் தேடணும். அதோட பம்ப் ஸ்டவ் கைப்பழக்கம் உள்ளவன் கைல இருக்கணும். பர்னர் தலைய ஸ்பிரிட் ஊத்தி சூடு பண்ணாம திறந்தா பச்சை எண்ணெய் ஆளுயரத்துக்கு தீயா எழும்பும், நிப்பிள்ல அடைப்பு வந்தா பின் குத்தணும், வாஷர் காஞ்சு போனா பம்ப் பிடிக்காது. இதெல்லாம் பழகாத நாலு பசங்க நாலாயிரம் மீட்டர்ல விரல் மரத்துப்போன நேரத்துல கத்துக்கற விஷயம் இல்ல. நீங்க டிசம்பர் ஜனவரில லடாக் பக்கம் போறதா இருந்தா நானே பம்ப் வச்ச ஸ்டவ்தான் எடுக்க சொல்லுவேன், மண்ணெண்ணெய் பெட்ரோல் எதுவும் எரியற மாதிரி இப்ப வருது. செப்டம்பர்ல ஹம்ப்டாவுக்கு கேஸ் போதும்.

எங்களுக்கு ரேஷன் கூட ஹெக்ஸமின் வில்லை குடுப்பாங்க, வெள்ளையா இருக்கும், சின்ன தகர அடுப்புல வச்சு பத்த வச்சா ஒரு மக் தண்ணி சூடாகும். பாத்திரத்துல பிசுபிசுன்னு கரி ஒட்டும், வாடையும் உண்டு, ஆனா லேசுல கெட்டுப்போகாது. மெயின் ஸ்டவ்வா வேண்டாம். மணாலில கிடைச்சா அவசரத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கி பைல போட்டு வச்சுக்கோங்க.

கடைசியா முக்கியமானது. டென்ட்டுக்குள்ள ஸ்டவ் பத்த வைக்காதீங்க. எந்த ஸ்டவ்வா இருந்தாலும், எவ்வளவு குளிரா இருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வர மாதிரிதான் இருக்கும். 2020 ஜனவரில நேபாளம் டாமன்ல ரிசார்ட் ரூம்ல கேஸ் ஹீட்டர் போட்டு தூங்கின கேரளாக்காரங்க 8 பேரு, அதுல குழந்தைங்க நாலு, எந்திரிக்கவே இல்ல. அது கல்லு கட்டடம், உங்களோடது துணி டென்ட், அதுவும் குளிருக்கு ஜிப் எல்லாத்தையும் இழுத்து மூடுவீங்க. வெளிய ஒரு பாறை மறைவுல வச்சு சமைங்க.

வடக்குக்குளிர்:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா நோர்வேயில இருக்கிறன். இஞ்ச பள்ளிக்கூடப் பிள்ளையளே அடுப்பும் கேத்திலும் முதுகில போட்டுக்கொண்டு காட்டுக்குப் போறவை, அதால எனக்குத் தெரிஞ்சதையும் சொல்லுறன்.

இஞ்ச கனபேரிட்ட இருக்கிறது ட்ராங்கியா எண்ட சுவீடன் அடுப்பு, ஸ்பிரிட்டில எரியிறது. பித்தளைக் குப்பி மாதிரி ஒரு பர்னர், சுத்திவர காத்து மறைப்பு, அதுக்குள்ளயே சட்டி ரெண்டு, தாச்சி, கேத்தில் எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு அடங்கும். 25 எண்ட பெரிய செட்டில 0.9 லீட்டர் கேத்தில் வரும். ஓட்டை இருக்கிற பக்கத்தைக் காத்து வாற பக்கம் திருப்பி வைச்சா காத்தடிக்க அடிக்க இன்னும் நல்லா எரியும், அதுதான் அதின்ர விசேஷம். அசையிற சாமான் ஒண்டும் இல்லை, பழுதாப் போறதுக்கும் ஒண்டும் இல்லை. கெதியாக் கொதிக்காது, காஸைவிட ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஸ்பிரிட்டில கொஞ்சம் தண்ணி கலந்தா கரி குறையும். ஒரு விஷயத்தில மட்டும் கவனம் வேணும், வெளிச்சத்தில சுவாலை கண்ணுக்குத் தெரியாது, அணைஞ்சிட்டுது எண்டு நினைச்சு எரியேக்க ஊத்தினா போத்தலோட பத்தும். மூடி போட்டு அணைச்சு, ஆறவிட்டுத்தான் ஊத்தவேணும்.

ஆனா தம்பி இதை உங்களுக்கு வேண்டச் சொல்லமாட்டன். இஞ்ச பெற்றோல் ஷெட்டிலயே ஸ்பிரிட் கிடக்கும், தமிழ்நாட்டில அப்பிடி இல்லையெண்டு நினைக்கிறன், அங்க இருக்கிறவை சொல்லட்டும்.

புகைபோக்கிக் கேத்திலைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். கெலி கேத்தில் எண்டு அயர்லாந்தில மேயோ பக்கம் செய்யிறது, ரெட்டைச் சுவர், நடுவில நெருப்பு, சுத்திவரத் தண்ணி. காய்ஞ்ச சுள்ளியும் பைன் காயும் ஒரு கைப்பிடி போதும், மழை நாளிலயும் கொதிக்க வைக்கலாம், உண்மையிலயே நல்ல சாமான். ரெண்டு விதி இருக்கு. தண்ணி இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது, கேத்தில் பழுதாப்போயிடும். நெருப்பு எரியேக்க தக்கையை இறுக்கி மூடக்கூடாது, நீராவி அமுங்கி கொதிதண்ணியோட வெடிச்சுப் பறக்கும், முகம் அவிஞ்ச ஆக்கள் இருக்கினம். உங்கட பாதையில மேல போனா மரமே இல்லையாமே, பிறகு எதைப் போட்டு எரிக்கிறது? விறகையும் சேத்துச் சுமக்கவேணும். இஞ்சகூட ஏப்ரல் 15இல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுக்குள்ளயும் காட்டுக்குப் பக்கத்திலயும் நெருப்பு மூட்டத் தடை, அந்த நேரம் இந்தக் கேத்தில் வீட்டில கிடக்க வேண்டியதுதான்.

கொங்குநடை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், பட்டாளத்தய்யாவுக்கு தனி நன்றி. பம்ப் ஸ்டவ் பரண்லயே இருக்கட்டும், விறகு கெட்டிலும் இல்ல, பொட்டி ஸ்டவ்வும் இல்ல. திருகு கேன்தான்னு முடிவாயிருச்சு. ஆனா பர்னர் எது? 25 கிராமா, பாத்திரத்தோட வர்ற டவரா? சாதம் வடிக்க முடியுமாங்க? அப்புறம் இத வாங்கிட்டா மத்த நாள்ல வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் போறப்ப டீ போட ஆகுமான்னு பசங்க கேக்கறாங்க.

மேகமலைக்காரி:
நான் தேனி. கடைசில கேட்டதுக்கு மொத பதில் சொல்லிடறேன், நம்ம காட்டுக்குள்ள ஸ்டவ் வேண்டவே வேண்டாம். ரிசர்வ் ஃபாரஸ்ட்ல தீ மூட்டறது குற்றம், அது கேஸ் ஸ்டவ்வா இருந்தாலும் பாதுகாப்பு கிடையாது, நம்ம மலைப்புல்லு பிப்ரவரி மார்ச்ல தொட்டாலே பத்திக்கும். 2018 மார்ச் 11 குரங்கணி எங்க மாவட்டம். தீ எப்படி வந்ததுங்கறது வேற பேச்சு, ஆனா காத்தோட சேந்தா அந்த புல்லுல தீ எவ்வளவு வேகமா ஏறும்னு அன்னைக்கு 23 உயிர குடுத்து பாத்துட்டோம். இப்ப அரசாங்கமே டிரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன்ல புக் பண்ற வழித்தடங்கள் வச்சிருக்கு, அதுல போங்க, ஃபிளாஸ்க்ல டீ ஊத்திக்கிட்டு போங்க, ஒரு நாள் நடைக்கு அது தாராளம்.

நோர்வே அண்ணா கேட்ட ஸ்பிரிட் விஷயம், அவர் நினைச்சது சரிதான், இங்க மெத்தனால், டீநேச்சர்ட் ஸ்பிரிட் எல்லாம் லைசன்ஸ் கட்டுப்பாட்டுல இருக்கு, 2024 கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் இன்னும் கெடுபிடி. கெடுபிடி இருக்கறதும் நல்லதுதான்.

இப்ப சமையல். பர்னரவிட இதுதான் உங்க நாலு பேரையும் நடக்க வைக்கப்போகுது. 87, 88 டிகிரில கொதிக்கற தண்ணில அரிசி வேக ரொம்ப நேரம் ஆகும், அவசரப்பட்டு இறக்குனா உள்ள வேகாம இருக்கும், கேஸ்தான் தீரும். பருப்பு அதவிட மோசம், லேசுல வேகாது. மலை ஊர்கள்ல டீக்கடைல கூட குக்கர் விசில் கேக்கறது இதனாலதான். ஒரு குட்டி குக்கர சுமக்க நாலு பேரும் ஒத்துக்கிட்டீங்கன்னா சாதம் உண்டு. இல்லன்னா கொதிதண்ணி ஊத்தி மூடி வச்சா ஆகற சாப்பாடா எடுங்க. அவல் இருக்கறதுல பெஸ்ட், கெட்டி அவல வீட்டுலயே கடுகு, கடலப்பருப்பு, மிளகாவத்தல், பெருங்காயம், நிலக்கடலை எல்லாம் தாளிச்சு கலந்து பாக்கெட் போட்டுட்டா அங்க தண்ணி மட்டும் ஊத்தி பத்து நிமிஷம் மூடி வச்சா உப்புமா. வறுத்த சேமியா, ரவையும் சீக்கிரம் ஆகும். புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, அவல் மேல பெசஞ்சா புளியவல். சத்துமாவு கஞ்சி காலைக்கு. பருப்புப்பொடி, நெய். மூணு நாளைக்கு மேல மேகி சாப்பிட்டா நாக்கு செத்துடும், அதனால இத கொஞ்சம் மெனக்கெட்டு செஞ்சுட்டு போங்க.

இதுக்கு என்ன பாத்திரம்னு நீங்களே இப்ப முடிவு பண்ணலாம். நாலு பேருக்கு ரெண்டு லிட்டர் அலுமினிய பாத்திரம் ஒண்ணு, அகலமான அடி, இறுக்கமான மூடி. கூடவே ஒரு லிட்டர் ட்ரெக்கிங் கெட்டில் ஒண்ணு, தட்டையா அகலமா இருக்கறது, 200 கிராம் கூட வராது. கெட்டில் வேண்டாம் பாத்திரமே போதும்னு சில பேர் சொல்லுவாங்க, தனியா போறவங்களுக்கு அது சரி. நாலு பேர் போறப்ப ஒரு பக்கம் சாப்பாடு ஆகும், இன்னொரு பக்கம் குடிதண்ணி வேணும், புளிக்காய்ச்சல் வாசன வர்ற பாத்திரத்துல டீ போட்டா யாரும் குடிக்க மாட்டீங்க. க்ளவுஸ் போட்ட கையோட பாத்திரத்த சாச்சு பாட்டில் வாய்க்குள்ள கொதிதண்ணி ஊத்தறது எவ்வளவு ஆபத்துன்னு ஒரு தடவை பாத்தா தெரியும், கெட்டில் மூக்கு அதுக்குத்தான். கைப்பிடில ரப்பர் உறை இருக்கணும், நிமித்துனா சாயாம நிக்கணும், மூடி ஊத்தறப்ப கழண்டு விழக்கூடாது. எவர்சில்வர் கெட்டில் எடுக்காதீங்க, கனம், சூடும் பரவாது.

குடிதண்ணி நல்லா தளதளன்னு கொதி வந்த பிறகு மூணு நிமிஷம் விடுங்க, 2000 மீட்டருக்கு மேல அதுதான் கணக்கு, கீழ ஒரு நிமிஷம் போதும். ஓடை எவ்வளவு தெளிவா இருந்தாலும் மேல ஆடு மேயும்.

கலோரிக்கணக்கு:
மேகமலைக்காரி சொன்ன மெனுவ அப்படியே எடுத்துக்கங்க, நான் சொன்ன 8 லிட்டர் கணக்கு அதுக்குள்ள அடங்கிடும்.

பர்னர் விஷயம். டவர் மாதிரி வர்றது தனி ஆளுக்கு, ரெண்டு பேருக்கு அருமையான சாமான், அடியில இருக்கற தகடு சூட்ட பிடிச்சுக்கறதால கேஸ் நல்லா மிச்சமாகும், காத்துக்கும் அசையாது. ஆனா அதோட பாத்திரம் ஒரு லிட்டர் சுமாருக்குத்தான் வரும், குறுகலா உயரமா இருக்கும், அதுல உப்புமா கிண்டினா அடி பிடிக்கும். 25 கிராம் பர்னர் ரெண்டு லிட்டர் பாத்திரத்துக்கு ஆகாது, தாங்கற கால் மூணும் ரொம்ப குட்டை, சூட்டுல வளையவும் செய்யும், ரெண்டு லிட்டர் கொதிதண்ணி கவுந்தா பக்கத்துல உக்காந்திருக்கறவன் காலுதான் போகும், மலையில தீப்புண்ணோட இறங்கறது எவ்வளவு கொடுமைன்னு யோசிங்க.

நாலு பேருக்கு என் யோசனை ரெண்டு அடுப்பு. ஒண்ணு கேன்லருந்து குழாய் போட்டு தரையில தனியா நிக்கற மாதிரி வர்றது, கால் அகலம், பாத்திரம் ஆடாது, கேன் தள்ளி இருக்கறதால சுத்திலும் தகடு மறைப்பு வைக்கலாம். இன்னொண்ணு சாதாரண மேல திருகற பர்னர், 80, 100 கிராம்ல நாலு கால் வச்சது, அது கெட்டிலுக்கு. ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு இருக்கும். மேல திருகற பர்னருக்கு மட்டும் முழுசா சுத்தி மறைப்பு வைக்காதீங்க, சூடு கேன் மேல திரும்பி அடிச்சு கேன் வெடிச்சிரும். காத்து வர்ற பக்கம் மட்டும் பாறையோ பையோ வச்சு மறைங்க, அப்பப்ப கேன தொட்டு பாருங்க, கை பொறுக்காத சூடு இருந்தா உடனே அணைங்க.

பர்னர்லயே இருக்கற டிக் டிக் பொத்தான நம்பாதீங்க, உயரத்துல பாதி நேரம் பொறி வராது. மணாலில இறங்கினதும் தீப்பெட்டி நாலஞ்சு, லைட்டர் ரெண்டு வாங்கி ஆளுக்கு ஒண்ணா பிரிச்சு ஜிப் கவர்ல போட்டு வைங்க, ஒருத்தர் பை நனைஞ்சாலும் பாதகமில்ல. கேன் காலியானா அங்கயே வீசிட்டு வராதீங்க, மூணையும் மணாலிக்கே கொண்டு வந்துடுங்க.

ஊர்ல இருக்கறப்பவே ஒரு கேன் வாங்கி மொட்டைமாடில காத்தடிக்கற நேரமா பாத்து ரெண்டு லிட்டர் கொதிக்க வச்சு பாருங்க, மொதல்லயும் கடைசிலயும் கேன சமையல்கட்டு தராசுல நிறுத்துனா எத்தன கிராம் போச்சுன்னு தெரியும். அந்த நம்பர இங்க போடுங்க, மூணு கேன் போதுமா நாலு வேணுமான்னு பாத்து சொல்றேன். பர்னர செக்-இன்ல போடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வெளில வச்சு நல்லா காத்தாட விட்டுடுங்க.

கொங்குநடை:
சரிங்க, இந்த ஞாயித்துக்கிழமையே பண்ணிட்டு நம்பர் போடறேன். கெட்டில் 0.9 லிட்டர், 1.4 லிட்டர் ரெண்டு இருக்கு, மேகமலைக்காரி அக்கா எது எடுக்கலாம்?

மேகமலைக்காரி:
நாலு பேருன்னா 1.4 எடுங்க. முழுசா ரொப்பாதீங்க, கொதிக்கறப்ப மூக்கு வழியா பொங்கி பர்னர அணைச்சிடும், ஒரு லிட்டருக்கு கொஞ்சம் மேல வரைக்கும் ஊத்துங்க, நாலு டம்ளர் டீ போக அரை பாட்டிலுக்கும் மிஞ்சும்.